உபதேசியார் வீட்டில் புகை

கோயிலில் ஊழியம் செய்பவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கலாமா, கூடாதா என்று எங்கள் வேதக்கோயில் பங்கில் இப்போது பேச்சு நடக்கிறது. உபதேசியார், கோயில்பிள்ளை எல்லாருக்கும் ஒரு தொகையை நிர்ணயம் செய்துவிட்டால் அவர்களும் மானமாகப் பிழைப்பார்கள் என்கிறது ஒரு கட்சி. கூலி பேசிவிட்டால் அப்புறம் அது வேதமா, வேலையா என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியாரும் என்னிடம் வந்து, "நீங்க ரெண்டு விதமாவும் இருந்து பாத்தவரு, எழுதிக் குடுங்க" என்றார்கள். பேசச் சொல்லியிருந்தால் அடுத்த பூசை மணி அடிக்கும்வரை பேசியிருப்பேன். எழுதச் சொன்னதால் நீங்கள் தப்பித்தீர்கள்.

எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம் நான் உபதேசியாராகப் போனேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. செபங்களை மனப்பாடம் பண்ணுவது, அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, பிரேதத்தை அடக்கம் செய்வது, இவ்வளவும் ஒரு மழைக்காலத்துக்குள் சொல்லிக்கொடுத்து, குளத்தூர் தாலுகாவில் இலுப்பையடிப்பட்டி என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரே வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பங்குச் சாமியார் மாதம் ஒரு முறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் நான்தான். பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவதும், செத்தவருக்கு மண் போடுவதும், இடையில் வரப்புச் சண்டைக்கு நடுவில் போய் நிற்பதும் என் வேலை.

அந்த ஊரில் சம்பளம் என்று ஒன்று கிடையாது. முறைச் சோறு உண்டு. நாளுக்கு ஒரு வீடு. முறை எந்த வீட்டில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு பூவரசங்கம்பு அந்த வீட்டு வாசலில் சாத்தியிருக்கும். இரவுச் சோறு கொடுத்து முடிந்ததும் கம்பைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட வேண்டும். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. காலையில் கதவைத் திறக்கிற பெண் கம்பைப் பார்த்தாளானால், இன்றைக்கு உபதேசியார் நம் தலையில் என்று தெரிந்துகொள்வாள். பிள்ளைப்பேறு, சாவு என்றால் மட்டும் கம்பு அந்த வாசலைத் தாண்டிப் போகும். ஒரு தடவை ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று சொல்லிக் கம்பைத் தள்ளிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. "சண்டைக்கெல்லாம் லீவு கெடையாது. சோத்தைப் போட்டுட்டுச் சண்டை போடு" என்று கம்பைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்பதற்காகவே நான் அந்த ஊரில் வருஷக்கணக்கில் இருக்கலாம் என்று நினைத்தேன்.

சோற்றை வீட்டுப் பெண்தான் கொண்டுவருவாள். பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டுமே, அதனால் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்தால் சும்மா இருக்க முடியுமா? கொழுந்தன் பாகம் கேட்கிறான், மாமியார் கண் தெரியவில்லை என்று பொய் சொல்கிறாள், மூத்தவளுக்கு வந்த மாப்பிள்ளை சரியில்லை என்று ஒவ்வொன்றாக இறங்கும். நான் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டு, கை கழுவி, "ஆண்டவர் ஆசீர்வதிப்பார்" என்பேன். நல்ல குழம்புக்கும் அதேதான், நாறின குழம்புக்கும் அதேதான்.

வாய் திறந்து சொல்லாததைக் குழம்பு சொல்லும். முருங்கைக்காய் அளவுக்கு மீறிக் கிடந்தால் எதற்கோ சிபாரிசு வேண்டும் என்று அர்த்தம். உப்பு தூக்கலாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன புத்திமதி அந்த வீட்டைத் தைத்திருக்கிறது. இதை வைத்தே நான் பிரசங்கத்தைத் திட்டமிடக் கற்றுக்கொண்டேன். மிக்கேல் என்று ஒருவர், மதுவிலக்கு வந்த பிறகு கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சுபவர். குடித்தால் பெண்டாட்டி பாக்கியத்தை அடிப்பார். கம்பு மிக்கேல் வீட்டை நெருங்குகிற வாரத்தில் நான் பொறுமையைப் பற்றிப் பேசுவேன். அது தாண்டிப் போன வாரத்தில் குடியைப் பற்றிப் பேசுவேன். ஊருக்கே இது தெரியும். மிக்கேலுக்கும் தெரியும்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. சலேத்தம்மாள் அறந்தாங்கிக்குக் கிழக்கே, கடல் காற்று அடிக்கிற ஊர்க்காரி. அவர்கள் வீட்டு மீன்குழம்புக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பேர் உண்டு. சீதனமாகச் சட்டி பானை, அருவாமனை, அம்மி எல்லாம் வண்டியில் வந்து இறங்கின. இறங்கியதோடு சரி. முறைச் சோற்றில் அளவு மட்டும் ஆள் ஒன்றுக்குக் கூடியது. சலேத்து சனிக்கிழமை தோறும் சட்டிகளை எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி கவிழ்த்து வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரிகள் அதைப் பார்த்து, "உபதேசியாரம்மா எம்புட்டுச் சுத்தம்" என்று மெச்சிக்கொண்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். சலேத்து வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டிச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தாள். கூரைக்கு மேலே புகை கிளம்பியதுதான் தாமதம். முதலில் ஆண்கள் குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தார்கள், உபதேசியார் வீடு தீப்பிடித்துவிட்டது என்று. தீ இல்லை, அடுப்பு என்று தெரிந்ததும் முகமெல்லாம் இன்னும் மோசமாகிவிட்டது. உபதேசியார் வீட்டில் சமைக்கிறார்கள் என்றால் யாரோ போட்ட சோறு சரியில்லை என்றுதானே அர்த்தம்? அன்றைக்கு முறை மிக்கேல் வீட்டில். பாக்கியம் அழுதுகொண்டே வந்து, தான் என்ன குறை வைத்தோம் என்று கேட்டாள். முந்தின நாள் முறைக்காரி அவளுக்குப் பின்னாலேயே வந்து, நேற்றைய கத்திரிக்காயில் புழு இருந்ததா என்று விசாரித்தாள். கடைசியில் ஊர்ப் பெரியவர் அருளாண்டு அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"யாரு வீட்டுச் சோறு ஒத்துக்கல? பேரைச் சொல்லுங்க."

நான் காய்ச்சல் என்றேன். அம்பலம் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல்னா எங்ககிட்டல்ல சொல்லணும். கஷாயம் வைக்கத் தெரியாத ஊரா இது?" என்றார்.

மறுநாளிலிருந்து கஷாயமும் முறையில் வந்தது. ஒரு வீட்டில் ஆடாதோடை, ஒரு வீட்டில் வேப்பங்கொழுந்து, ஒரு வீட்டில் என்னவென்றே சொல்ல மறுத்துவிட்டார்கள். காய்ச்சல் பயந்து ஓடிவிட்டது.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. சலேத்துக்கு இல்லை. கஷாயச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊரு சோறு போடுதேன்னு நான் குறை சொல்லலைங்க. நாளைக்கு என்ன சாப்பிடலாம்னு ஒரு நாளாச்சும் நான் நெனைக்கணும். அம்புட்டுத்தான்."

ஆண்டவர் ஆசீர்வதிப்பார் என்று சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பங்குக்கு இஞ்ஞாசி சாமியார் வந்து சேர்ந்தார். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் வருவார். ஒருவர் எவ்வளவு நேரம் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்ததும் இரண்டு வார்த்தைகளில் ஒன்றைச் சொல்வார். "இருக்கட்டும்" என்றால் அவர் ஏற்கனவே வேறு முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். "அப்படியா" என்றால் கோபம். எதிரில் இருப்பவர் எழுந்து வெளியே போய்விடுவது நல்லது. பேச்சு மட்டும் புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கும். எங்கள் ஆட்கள் அவரிடம் பேசிவிட்டு வந்தால் ஒரு மணி நேரத்துக்கு அவர்களும் அப்படியே பேசுவார்கள்.

முதல் முறை அவர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த அன்று முறை மிக்கேல் வீட்டில். சாமியார் வருகிறார் என்று கோழி அடித்திருந்தார்கள். நாலு வாய் சாப்பிட்டதும் சாமியார் கேட்டார்: "இந்த ஊரில் சாராயம் காய்ச்சுவது யார்?"

நான் குழம்புக் கிண்ணத்தைப் பார்த்தேன். சாமியாரும் குழம்புக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"அப்படியா" என்றார். நான் எழுந்து போக நினைத்தேன். ஆனால் என் வீடு, என் சோறு, எங்கே போவது? அவர் கையைக் கழுவிக்கொண்டு, "உம்மைக் குற்றம் சொல்லவில்லை. வாயில் சோறு இருக்கும்போது பேச முடியாது, அவ்வளவுதான்" என்றார்.

அடுத்த மாதம் பூசை முடிந்ததும் ஊரை உட்காரவைத்தார். இனி உபதேசியாருக்கு முறைச் சோறு வேண்டாம். அறுப்புக்கு அறுப்பு ஒவ்வொரு வீடும் பங்குக்குத் தானியம் கொடுக்க வேண்டும், பங்கிலிருந்து உபதேசியாருக்கு மாதச் சம்பளம். அப்போதுதான் அவர் எல்லாருக்கும் பொதுவாக உண்மையைப் பேச முடியும்.

அம்பலம் எழுந்தார். "சாமி, சம்பளம் வாங்குனா அவரு கவர்மெண்ட் ஆளு மாதிரி ஆயிருவாரு. ஆபீஸ் நேரம் முடிஞ்சப்பறம் சாவு விழுந்தா நாங்க யாருகிட்டப் போறது?"

"இருக்கட்டும்" என்றார் சாமியார்.

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. சலேத்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தோஷத்தை மறைப்பதற்கு முக்காட்டை இழுத்து விட்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பாக்கியம் மெதுவாக, "இனிமே நாங்க என்னன்னு சொல்லி ஒங்க வீட்டுக்கு வாரது?" என்றாளாம். சலேத்து அதைப் பிற்பாடுதான் என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அது அவள் காதில் விழுந்தும் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சலேத்து கண்மாய் மண்ணைக் குழைத்து அடுப்புப் போட்டாள். அது காய்கிற வரைக்கும் பொறுக்காமல் நாளுக்கு நாலு தடவை தொட்டுப் பார்த்தாள். முதல் சம்பளத்தில் அன்னவாசல் சந்தைக்குப் போய்க் கருவாடு வாங்கிவந்தேன். கடல் மீனில் வளர்ந்தவள் கருவாட்டோடு சமாதானம் ஆனாள். குழம்பு கொதித்தது, புகை போயிற்று, யாரும் தண்ணீர்க் குடத்தோடு வரவில்லை.

எனக்குப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து, "எப்படி இருக்கு?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பழக்க தோஷம், கையைக் கழுவிக்கொண்டு, "ஆண்டவர் ஆசீர்வதிப்பார்" என்றேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

ஊரும் பேசவில்லை. அதுதான் நாங்கள் எதிர்பார்க்காதது. தெருவில் போனால் கும்பிடு போட்டார்கள், தபால்காரருக்குப் போடுகிற மாதிரி. ஒரு பெரியவர் இறந்துபோனார். அவர் மகன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "உபதேசியாரே, அடக்கம் உங்க சம்பளத்துல சேந்துக்குமா, தனியாப் பாக்கணுமா?" என்று கேட்டான். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது.

வாசற்படியில் உட்கார ஆள் இல்லை. யார் வீட்டில் என்ன என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டு அண்ணன் தம்பிகள் வேலிக்காக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் கட்டுப் பிரித்த பிறகுதான் என் காதுக்கு வந்தது. சம்பளம் வாங்குகிறோமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து, எந்தக் கணக்கும் பார்க்காமல் குடியைப் பற்றிப் பேசினேன். பேர் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னேன். வெளியே வந்ததும் மிக்கேல் என்னிடம் வந்தார்.

"நல்லாச் சொன்னீங்க உபதேசியாரே. முன்னெல்லாம் எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு நீங்க பேசாம இருக்கயில, எனக்கே கொஞ்சம் கூச்சமா இருக்கும். இப்ப அது இல்ல. நீங்க ஒங்க வேலையைப் பாக்குறீங்க, நான் என் வேலையைப் பாக்குறேன்."



அடுத்த அறுப்புக்குப் பாதி வீடுகள் தானியம் கொடுக்கவில்லை. எங்களுக்கு முறைச் சோறே போதும், பழையபடி வைத்துவிடுங்கள் என்று அம்பலம் போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டார். சாமியார் வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் என்னைச் சொல்லச் சொன்னார். நான் அடக்கத்துக்கு வந்த பையனிலிருந்து மிக்கேல் வரை ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"முறைச் சோறுதான் சரி என்கிறீரா?" என்றார்.

"சாமி எப்படிச் சொல்றீங்களோ அப்படி" என்றேன் நான்.

அதுவரை கதவுக்குப் பின்னால் நின்ற சலேத்து முன்னால் வந்தாள். சாமியார் முன்னால் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"சாமி, அடுப்பை மட்டும் கேக்காதீங்க."

சாமியார் கண்ணைத் திறந்தார்.

"அவங்க எங்களுக்குச் சோறு போடணும்னு ஆசைப்படல சாமி. இங்க வந்து செத்த நேரம் ஒக்காரணும்னு ஆசைப்படுறாங்க. வெறுங்கையா வந்தா மாமியாரும் புருஷனும் எங்க போறேன்னு கேப்பாங்க. சமைச்சுக் கொண்டார வேணாம். பச்சையாக் கொண்டாரட்டும். ரெண்டு கத்திரிக்கா, ஒரு கையி மொச்சை, என்ன இருக்கோ அது. நான் என் அடுப்புல சமைக்கிறேன். வேகுற வரைக்கும் ஒக்காந்து பேசிட்டுப் போகட்டும்."

சாமியாருக்கு இது சம்பளத்தில் சேருமா, காணிக்கையில் சேருமா என்பது பெரிய சிக்கலாகிவிட்டது. வெகு நேரம் மூக்கைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "வேகாத பொருள் காணிக்கை. வெந்த பொருள் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். சம்பளமும் தொடர வேண்டும், தானியத்தை நானே வந்து வசூலிக்கிறேன் என்றும் சொல்லிவிட்டார். அப்படியே வந்தார். அங்கியைச் செருகிக்கொண்டு களத்தில் நிற்கிற சாமியாரை எந்தக் கிறிஸ்தவன் வெறுங்கையோடு அனுப்புவான்?

எங்கள் வீட்டில் மறுபடி ஆள் நடமாட்டம் வந்தது. எனக்குத்தான் இடம் போயிற்று. அடுப்பைச் சுற்றி எந்நேரமும் ஐந்தாறு பேர். நான் உள்ளே தலையை நீட்டினால் பேச்சு நின்றுவிடும். "என்ன வேணும் ஒங்களுக்கு?" என்பாள் சலேத்து, என் வீட்டில் என்னைப் பார்த்து. முன்பு என் காதில் விழுந்ததெல்லாம் இப்போது அவள் காதில் விழுந்தது. எனக்கு வேண்டியதை மட்டும் சலித்து, சோற்றோடு சேர்த்துப் போடுவாள்.

ஒரு நாள் மத்தியானம் பாக்கியம் வெறுங்கையோடு வந்தாள். நெற்றியில் முட்டை அளவுக்கு வீக்கம். உள்ளே இருந்த பெண்கள் ஒதுங்கி அடுப்பங்கரையில் இடம் விட்டார்கள். சலேத்து ஒரு வட்டிலில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தாள். சாயங்காலம் ஆயிற்று, பாக்கியம் எழுந்திருக்கவில்லை. மிக்கேல் வீட்டில் உலை ஏறவில்லை என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சலேத்து வெளியே வந்து என்னிடம் சொன்னாள்:

"மிக்கேலண்ணன் வீட்டுச் சோறு இனிமே இங்கதான் வேகும்னு போயிச் சொல்லுங்க. பசிச்சா வந்து வாங்கிட்டுப் போகட்டும்."

உபதேசியார் வேலையில் நான் எத்தனையோ செய்தி கொண்டுபோயிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக எதையும் கொண்டுபோனதில்லை. மிக்கேல் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று வரவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறார். எல்லா வீட்டுக்காரியும் ஒரே பதிலைச் சொன்னாளாம்: "எங்க வீட்ல சரியா அளந்துதான் வடிச்சேன்."

மறுநாள் உச்சிப் பொழுதில் மிக்கேல் தூக்குவாளியோடு வந்தார். தெருவின் அந்தக் கோடியில் அவர் வீடு, இந்தக் கோடியில் எங்கள் வீடு. எல்லா வாசலிலும் ஆள். அம்பலம் மட்டும், "என்ன மிக்கேலு, இங்கிட்டு?" என்று கேட்டார், தெரியாதவர் மாதிரி. மிக்கேல் நேராக வந்து எங்கள் வாசலில் தூக்குவாளியை நீட்டினார். சலேத்து வஞ்சகம் இல்லாமல் அள்ளிப் போட்டு, குழம்பு ஊற்றி, மூடியை இறுக்கிக் கொடுத்தாள்.

"ராத்திரிக்கும் இங்கதான்ணே. நாளைக்கும் இங்கதான். அவ எப்ப வாரேங்கிறாளோ அப்ப வருவா."

பாக்கியம் உள்ளேயிருந்து தலையைக் கூட நீட்டவில்லை. அந்த வாரம் முழுக்க மிக்கேல் தூக்குவாளியோடு தெருவை அளந்தார். நான் எதிரில் போனால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசியில் ஒரு நாள் தூக்குவாளி இல்லாமல், ஊறல் பானையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவைத்தார். அன்றைக்குத்தான் பாக்கியம் வெளியே வந்தாள். பானையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு எங்க?"

மிக்கேல் திரும்பிப் போய் இரண்டாவது பானையையும் எடுத்துவந்தார். இரண்டையும் பாக்கியம்தான் உடைத்தாள், ஒரே உலக்கையால். அதற்குப் பிறகு மிக்கேல் சாராயத்தைத் தொடவே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கையை ஓங்கவில்லை. அதற்குச் சத்தியம் செய்வேன்.

அந்த மாதம் சாமியார் வந்தபோது இதை நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் "அப்படியா" என்றார். கோபமாக்கும் என்று நான் பாதி எழுந்துவிட்டேன். கோபம் இல்லை. அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "உபதேசியாருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். உமக்கு என்ன சம்பளம் கொடுப்பது?" என்று சலேத்துவைக் கேட்டார்.

"எனக்கு எதுக்குச் சாமி சம்பளம்? இந்தச் சட்டி பத்தல. பெருசா ஒண்ணு வாங்கிக் குடுங்க."

சம்பளம் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கிற இரண்டு கட்சியாருக்கும் நான் எழுதிக்கொடுப்பது இதுதான். கட்டாயம் கொடுங்கள். உபதேசியார் தன் வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும். ஆனால் தொகையை நிர்ணயம் செய்துவிட்டு, கடமை முடிந்தது என்று அந்த வீட்டு வாசலை மறந்துவிடாதீர்கள். கையில் இரண்டு கத்திரிக்காயாவது எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

சலேத்து சட்டி கேட்டதற்கு அடுத்த மாதம் பூசைக்கு இஞ்ஞாசி சாமியார் வரும்போது, சைக்கிள் கேரியரில் ஒரு ஆள் உட்காரக்கூடிய அளவுக்கு ஒரு பெரிய சட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். மேட்டில் மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாராம். எதிரே ஏர் ஓட்டப் போன அம்பலம் மாட்டை நிறுத்தி, "என்ன சாமி, ஊருல விருந்தா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லை, சம்பளம் பட்டுவாடா செய்யப் போகிறேன். பின்னால் கொஞ்சம் பிடியும்" என்றாராம் சாமியார்.